கரி அள்ளிய கைகளின் ஆடல்

பிறநாட்டார் கலைகளைக் காணச் செல்வோர் புதுமை கண்டு வியந்து மீள்வது இயல்பு. யாமோ புதுமை காணச் சென்று, எம் வீட்டுத் திண்ணையில் நாற்பதாண்டுக் காலமாக இருந்துவந்த ஒன்றைக் கண்டு மீண்டோம். அதனை எம் மாணவச் செல்வங்களோடும் உடன் பணியாற்றும் பேராசிரியப் பெருமக்களோடும் இம்மலரின் வழியே பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

இளங்கலைத் தமிழ் மாணவர்க்கு ஐக்கூக் கவிதை பாடப்பகுதியாக உள்ளது. மகாகவி பாரதியார் 1916-ஆம் ஆண்டிலேயே சுதேசமித்திரன் இதழில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதித் தமிழர்க்கு அதன் சுருக்கத்தின் அழகை உணர்த்தினார். பிற்காலத்தே கவிக்கோ அப்துல் ரகுமான் உள்ளிட்டோர் அவ்வடிவத்தைத் தமிழ் மண்ணில் வேரூன்றச் செய்தனர். இவற்றையெல்லாம் ஆண்டுதோறும் வகுப்பில் எடுத்துரைத்து வந்தோம். ஐந்து, ஏழு, ஐந்து என அசைகளைக் கரும்பலகையில் எண்ணியும் காட்டினோம். ஆயினும் ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, பாஷோவின் தவளைக் கவிதையில் அப்படி என்னதான் இருக்கிறது?" என வினவியபோது, எம்மிடம் புத்தக விடையன்றி வேறு விடை இல்லை. அந்நாட்டார் எவ்வாறு அமர்வர், எதனை உண்பர், எதனை அழகென்பர் என்பவற்றை யாம் கண்ணால் கண்டதில்லை. எனவே 2023-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், சென்னையில் நிகழவிருந்த ஜப்பானியப் பண்பாட்டு விழாவொன்றுக்கு இருபத்திரண்டு மாணவரை அழைத்துச் செல்வதென முடிவு செய்தோம். இந்தியாவும் ஜப்பானும் 1952-இல் தூதரக உறவு கொண்டன. அதன் எழுபதாண்டு நிறைவு 2022-இல் கொண்டாடப்பெற்றதை ஒட்டி, அந்நாட்டுக் கலைகளைக் காணும் ஆர்வமும் மாணவரிடையே மிகுந்திருந்தது.

எம் இல்லம் நெய்வேலி நகரியத்தில் உள்ளது. விடியற்காலை நான்கு மணிக்குக் கல்லூரிப் பேருந்து ஆர்ச் கேட் அருகே வந்து எம்மை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. எம் தந்தையார் தேநீர்க் குடுவையைக் கையிலேந்தி எம்முடன் அங்கு வந்து நின்றார். பரங்கிப்பேட்டையினின்று 1970-களில் நெய்வேலிக்கு வந்து, முதற் சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் தொழிலாளியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். சுருங்கப் பேசுபவர். பேருந்து வரும் வேளையில் அவர், "ஜப்பானில் கரிச் சுரங்கம் உண்டாம்மா?" என்று கேட்டார்.

"கலை பார்க்கப் போகிறோம், வாப்பா. சுரங்கம் பார்க்கவா போகிறோம்?" என்று சிரித்தவாறே விடை கூறி ஏறினோம்.

அவ்விடை எத்துணைப் பிழையானது என்பதை அன்று மாலையே உணர்ந்தோம்.

விழா அரங்கில் முதற்கண் தேநீர்ச் சடங்குக்கு அழைக்கப்பட்டோம். தேநீர் அருந்துவதற்கு ஒரு சடங்கா என மாணவர் தமக்குள் நகைத்தனர். ஜப்பானியர் இதனைச் சா-நோ-யூ என்பர். 1522 முதல் 1591 வரை வாழ்ந்த சென் நோ ரிக்யூ என்பார் இதற்கு எளிமையின் இலக்கணம் வகுத்தவர். இணக்கம், மதிப்பு, தூய்மை, அமைதி ஆகிய நான்கும் இதன் தூண்கள். தேநீர்க் குடில்களில் வாயிலைத் தாழ அமைப்பது வழக்கம். வாளேந்திய வீரனும் வாளை வெளியே வைத்துவிட்டுக் குனிந்தே உள்ளே வரவேண்டும். உள்ளே அனைவரும் ஒரே தரையில் அமர்பவரே.

தரையில் தத்தாமி என்னும் பாய் விரிக்கப்பெற்றிருந்தது. இகுசா என்னும் கோரை போன்ற தண்டினால் அதன் மேற்பரப்பை நெய்கின்றனர். அதன் மணம், திருநெல்வேலிச் சீமையில் எம் சமுதாயப் பெண்டிர் நெய்யும் பத்தமடைப் பாயின் மணத்தை நினைவூட்டியது. முழங்காலை மடித்துக் குதிகாலின் மேல் அமர்தல் வேண்டும் என்றார் விளக்கம் கூறிய அம்மையார். சற்று நேரத்தில் மாணவர் சிலர் கால் மரத்துப்போய் நெளியத் தொடங்கினர். எம் இசுலாமிய மாணவியரோ சலனமின்றி அமர்ந்திருந்தனர். நாள்தோறும் தொழுகையில் அமரும் இருப்பு அதுவேயன்றோ! விருந்தளித்த ஜப்பானிய அம்மையார் அதனைக் கண்டு வியந்து, இவ்வாறு அமர எங்கே கற்றீர்கள் எனக் கேட்கச் செய்தார். "எங்கள் வீட்டுப் பாயில்" என்று ஒரு மாணவி விடையிறுத்தாள். அவர் தலைதாழ்த்திப் புன்னகைத்தார்.

முதலில் சிறிய இனிப்பு ஒன்று தரப்பெற்றது. அதன்பின் பச்சைத் தேயிலைத் தூளைக் கிண்ணத்திலிட்டு, வெந்நீர் வார்த்து, மூங்கில் மத்தினால் நுரை பொங்கக் கடைந்தார். கடையும் கையும், துணியை மடிக்கும் விரலும், கிண்ணத்தைத் திருப்பி வைக்கும் பாங்கும் ஓர் இம்மியும் பிசகவில்லை. தேநீர் கசந்தது. முன்னர் உண்ட இனிப்பு அக்கசப்பைத் தாங்கிக்கொண்டது. அடுப்படியில் நம் அன்னையர் நாள்தோறும் செய்யும் செயலைத்தான் அவ்வம்மையாரும் செய்தார். ஆயின் அதனைப் பார்ப்பதற்கென்று பலர் வாய்மூடி அமர்ந்திருந்தோம். உழைக்கும் கையை உற்று நோக்குதலே இக்கலையின் உயிர் எனத் தோன்றியது. ஆயினும் அக்கருத்து அப்போது எம்முள் முழுமையாக விளங்கவில்லை.

அடுத்து எழுத்துக்கலைக் கூடம். தூரிகையால் எழுதும் அக்கலைக்குரிய மை, பைன் மரத்தையோ எண்ணெயையோ எரித்துப் பெறும் புகைக்கரியைப் பசையோடு கலந்து கட்டியாக்கிச் செய்யப்படுவது. அக்கட்டியைக் கல்லில் நீர் விட்டு இழைத்தால் மை கிட்டும். மாணவர் தத்தம் பெயரை அந்நாட்டு எழுத்தில் எழுதப் பெற்று மகிழ்ந்தனர். எம் விரலில் ஒட்டிய கருமை எளிதில் போகவில்லை. குழந்தைப் பருவத்தில் எம் தந்தையாரின் சட்டைக் காலரில் கண்ட கருமை அது. அந்நினைவையும் அக்கணமே துடைத்துவிட்டு உணவுக்கூடம் சென்றோம்.

ஜப்பானியரின் மரபுவழி உணவுப் பண்பாடு 2013-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற சிறப்புடையது. ஆயினும் எமக்கு ஓர் அச்சம் இருந்தது. அவர்தம் சமையலில் மிரின் என்னும் இனிப்பான அரிசி மது சேர்வதுண்டு. சைவ உணவு உண்ணும் மாணவர்க்கோ வேறொரு இடர். மிசோ என்னும் சோயா விழுதுச் சாற்றுக்கு உலர்ந்த மீனின் சாறே பெரும்பாலும் அடிப்படை. கேட்பது நாகரிகமன்று என எண்ணி எம் மாணவர் சிலர் ஒதுங்கி நின்றனர். யாமே தயங்கித் தயங்கிக் கேட்டோம். பரிமாறிய இளைஞர் முகம் சுளிக்கவில்லை. உள்ளே சென்று சமைத்தவரையே அழைத்து வந்தார். அவர் ஒவ்வொரு பண்டத்திலும் உள்ளவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கூறி, எமக்கு உரியவற்றைத் தனித்தட்டில் எடுத்து வைத்தார். வெள்ளரி பொதிந்த சுஷி, கடற்பாசித் தாளில் சுற்றிய சோற்று உருண்டை, செம்பயறு இனிப்பு பொதிந்த மோச்சி ஆகியன எம் தட்டில் வந்தன. மோச்சியைக் கண்ட மாணவியர் கொழுக்கட்டைக்கு உறவுமுறை கூறினர். ஒரு மாணவன் மட்டும் தட்டின் ஓரத்திலிருந்த பச்சை நிற வசாபியைத் துவையல் என எண்ணி ஒரே வாயில் உட்கொண்டு, கண்ணீர் பெருக்கி அனைவர்க்கும் நகைச்சுவை விருந்தளித்தான். விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த மொழியினர் நாம். விருந்தினன் உண்ணாததை அறிந்து விலக்குவதும் விருந்தோம்பலே என்பதை அன்று கண்கூடாகக் கண்டோம்.

மாலையில் திறந்தவெளியில் ஆடல் நிகழ்ச்சி. நடுவே மேடையில் தைக்கோ என்னும் பெருமுரசு. அதனைச் சுற்றி வட்டமாக நின்று ஆடுவர். ஜப்பானில் கோடைக்காலத்தே மறைந்த முன்னோரை நினைவுகூரும் ஓபோன் நாள்களில் ஊரார் கூடி ஆடும் ஆடல் இது. நம் கும்மியைப் போலவே வட்டம் சுற்றி வரும் எளிய அடிவைப்பு. இரண்டு பாட்டுகள் முடிந்தபின் அறிவிப்பாளர், "அடுத்த பாட்டின் பெயர் தான்கோ புஷி. சுரங்கப் பாட்டு என்று பொருள். கியூசூத் தீவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே பிறந்தது. இன்று நாடு முழுவதும் ஆடப்படுகின்றது. வாருங்கள், கற்றுத் தருகின்றோம்" என்றார்.

யாம் எழவில்லை. மாணவியர் கைபற்றி இழுத்தனர்.

அடவுகள் எளியவை. கையில் மண்வாரி இருப்பதாகப் பாவித்து வலப்புறம் இருமுறை தோண்டுதல். இடப்புறம் இருமுறை தோண்டுதல். அள்ளியதைத் தோளுக்கு மேலாகப் பின்னே எறிதல். கையை நெற்றிக்கு மேல் வைத்துத் திரும்பி நோக்குதல். பின்னர் உள்ளங்கைகளை முன்னே நீட்டிக் கரிவண்டியைத் தள்ளுதல். இறுதியில் கைகளை விரித்து, கை தட்டுதல். மூன்றாம் சுற்றில் எம் கைகள் தாமே இயங்கின. நான்காம் சுற்றில், தோளுக்கு மேலாக எறியும் அசைவின்போது, எம் கை எம் கையாக இல்லை. பணி முடிந்து வீடு திரும்பி, இடுப்பில் கைவைத்து முதுகை நிமிர்த்தும் எம் தந்தையாரின் தோள் எம் தோளில் அசையக் கண்டோம். மாணவர் ஆடினர், யாம் வட்டத்தினின்று விலகி நின்றோம்.

இங்கு ஓர் உண்மையை மறையாது உரைத்தல் வேண்டும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது பள்ளிப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்னும் இடம் இருந்தது. உடன் பயில்வோரிற் பலர் பொறியாளர், கணக்கர் என எழுதினர். யாம் 'அலுவலர்' என்று எழுதினோம். தந்தையார் அப்படிவத்தை வாங்கிப் பார்த்து, ஒன்றும் கூறாது கையொப்பமிட்டுத் தந்தார்.

பிற்காலத்தே இளமுனைவர்ப் பட்டத்திற்கு யாம் எடுத்துக்கொண்ட பொருள் தொழிற்பாடல்கள். ஏற்றப்பாட்டு, நடவுப்பாட்டு, வண்டிப்பாட்டு எனத் தென்னார்க்காட்டுச் சிற்றூர்கள் தோறும் ஒலிப்பதிவுக் கருவியோடு அலைந்தோம். உழைப்பின் அசைவே பாட்டின் தாளமாகின்றது என்று ஆய்வேட்டில் ஓர் இயல் முழுதும் எழுதினோம். அவ்வேட்டை எழுதிய அறைக்கு அடுத்த அறையில்தான் இரவு ஷிப்ட் முடித்த தந்தையார் உறங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வினாவும் கேட்டோமில்லை.

இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பினோம். தந்தையார் உறங்காது திண்ணையில் அமர்ந்திருந்தார். "என்னம்மா பார்த்தீர்கள்?" என்றார்.

"சுரங்கம் பார்த்தோம், வாப்பா" என்றோம்.

அவர் நம்பவில்லை. எனவே அத்தெருவிளக்கின் ஒளியில் அவ்வாடலை ஆடிக் காட்டினோம். தோண்டுதல், எறிதல், வண்டி தள்ளுதல் என ஒவ்வோர் அடவாகப் பார்த்தவர், வாய்விட்டுச் சிரித்தார். "ஷவலை இப்படிப் பிடித்தால் இடுப்பு போய்விடும்மா" என்று எழுந்தார். மூலையிலிருந்த ஒட்டடைக் கம்பை எடுத்துக் கொண்டார். ஒரு கை கம்பின் அடியில், மறு கை நடுவில். முழங்கால் சற்றே மடிந்தது. கன்வேயர் பெல்ட்டினின்று கீழே சிந்திக் கிடக்கும் கரியை அள்ளி மீண்டும் பெல்ட்டில் இடும் அசைவைக் காட்டினார். ஓடும் உருளையின் பக்கம் ஷவலின் முனை போகலாகாது. காற்று எத்திசை என அறிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு எறிதல் வேண்டும். எறிந்தவுடன் ஓர் அடி பின்வாங்குதல் வேண்டும். எழுபது வயது கடந்த உடல் அவ்வொழுங்கை மறக்கவே இல்லை. அள்ளல், திரும்பல், எறிதல், பின்வாங்கல் என நான்கு அடவு.

"நீங்கள் பாட்டுப் பாடுவதுண்டா, வாப்பா?" என ஆய்வாளர் கேட்க வேண்டிய வினாவை இருபதாண்டு கழித்துக் கேட்டோம்.

"அங்கே ஏதும்மா பாட்டு? பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. கையாலேதான் பேசுவோம்" என்றார்.

பின்னர் அம்மொழியை ஒவ்வொன்றாகக் காட்டினார். கையைத் தலைக்கு மேல் சுழற்றினால், ஓட்டு. இரு கைகளையும் குறுக்கே வெட்டினால், நிறுத்து. காதைத் தொட்டு விரலால் சுட்டினால், அந்த உருளை கத்துகின்றது, பேரிங் போய்விட்டது. நெற்றியில் உள்ளங்கையை வைத்தால், மேலதிகாரி வருகின்றார். அவர்தம் குழுவினர் தமக்குள் ஆக்கிக்கொண்ட பதினொரு சைகைகளை அன்றிரவு காட்டினார். அபிநயம் பற்றி எத்துணையோ நூல்களைப் புரட்டியுள்ளோம். இப்பதினொன்று எந்நூலிலும் இல்லை.

அந்த வேளையில்தான் படிவத்தின் கதையைச் சொன்னோம். "ஆறாம் வகுப்பில் உங்கள் தொழிலை மாற்றி எழுதினேன், வாப்பா."

"தெரியும்மா. படித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டேன்" என்றார். வேறொன்றும் கூறவில்லை. கம்பை மூலையில் சார்த்திவிட்டு உறங்கச் சென்றார்.

அதன்பின் அப்பாட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். ஃபுகுவோகா மாநிலத்தின் தகாவா நகரை அப்பாட்டின் பிறப்பிடம் என்பர். கரியைத் தரம் பிரிக்கும் கூடங்களில் பாடப்பெற்ற பாட்டே அதன் மூலம். பாட்டில் இடம்பெறும் மீகே சுரங்கத்தில் 1963-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நேர்ந்த வெடிவிபத்தில் 458 பேர் மாண்டனர். அச்சுரங்கம் 1997-இல் மூடப்பெற்றது. 2015-இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. சுரங்கம் மூடிய பின்னும் பாட்டு மூடவில்லை. கரியைக் கண்ணால் காணாத தலைமுறையும் ஆண்டுதோறும் கரி அள்ளும் கையசைவைக் கற்கின்றது. அதே வட்டாரத்தில் யமமோதோ சகுபெய் என்னும் தொழிலாளி இருந்தார். சிறுவனாகவே சுரங்கத்துள் புகுந்தவர். அறுபது வயதைக் கடந்தபின் தூரிகை ஏந்தி, தாம் கண்ட சுரங்க வாழ்வைத் தம் பேரப்பிள்ளைகள் அறியும்பொருட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களாக வரைந்தார். 1984-இல் அவர் மறைந்தார். 2011-ஆம் ஆண்டில் அப்படங்களும் குறிப்புகளும் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஜப்பானிலிருந்து அப்பதிவேட்டில் முதன்முதலாக ஏறியது அரசரின் சாசனமன்று. கரித் தொழிலாளி ஒருவரின் கைவண்ணம்.

நெய்வேலிக்கும் நெடிய வரலாறு உண்டு. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கருந்துகள் வந்ததும், 1956-இல் நிறுவனம் தோன்றியதும், 1957-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்ததும், 1961-இல் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்டதும் நாமறிந்த செய்திகள். 1962-இல் மின்னளிக்கத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது. இயந்திரங்களின் பிறப்பும் இறப்பும் ஏடுகளில் உள்ளன. அவ்வியந்திரங்களுக்கு இடையே கையால் பேசிய மாந்தரின் மொழி எவ்வேட்டில் உள்ளது? கன்வேயர் ஓரத்துச் சொற்களை, ஷிப்டு மாறும் வேளையின் வேடிக்கைப் பேச்சை, சுரங்கத்துக்காக ஊரையும் நிலத்தையும் விட்டுப் பெயர்ந்தோரின் ஊர்ப்பெயர்களை யார் தொகுத்தனர்?

எனவே மறு கல்வியாண்டில் எம் மாணவர்க்குக் களப்பணியாக ஒன்று தந்தோம். தொலைவிலுள்ள சிற்றூருக்குச் செல்லவேண்டா. உங்கள் வீட்டில் உழைத்த ஒருவரிடம் அவர்தம் தொழிலின் சொற்களையும் அசைவுகளையும் கேட்டு எழுதி வாருங்கள் என்றோம். தையற்காரரின் மகள் தம் தந்தையின் அளவுச் சொற்களைக் கொணர்ந்தாள். பண்ணுருட்டிப் பக்கத்து மாணவன், பலாவைத் தட்டிப் பார்த்துப் பழுத்ததென அறியும் ஒலி வேறுபாடுகளைத் தன் பாட்டியிடம் கேட்டு எழுதி வந்தான். தவளைக் கவிதையில் என்ன இருக்கிறது என்று வினவிய மாணவி, நூறு நாள் வேலைக்குச் செல்லும் தன் தாயின் நாளொன்றை மூன்றே வரியில் ஐக்கூவாக எழுதியிருந்தாள். அவள் வினாவிற்கு யாம் விடை கூறவில்லை. அவளே கண்டுகொண்டாள்.

இம்மலரின் பதிப்புக் குழுவினர், கட்டுரையாசிரியரைப் பற்றிய சிறு குறிப்பொன்றைக் கேட்டிருந்தனர். பட்டங்களையும் பணியாண்டுகளையும் எழுதியபின், முதல் வரியாகச் சேர்க்குமாறு ஒன்றை எழுதித் தந்துள்ளோம்: இவர் நெய்வேலி முதற் சுரங்கத்தின் கன்வேயர்த் தொழிலாளி ஒருவரின் மகள்.

அச்சுக்கு அனுப்புமுன் அத்தாளைத் தந்தையாரிடம் காட்டினோம். மூக்குக் கண்ணாடியை அணிந்து படித்தார். ஒன்றும் கூறவில்லை. கையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஒருமுறை சுழற்றினார்.